பெயின்ட்பால் போட்டியா, பொழுதுபோக்கா? நெல்லையில் நடத்தப் போகிறவர்கள் எந்த விதியைப் பிடிப்பது

கல்லூரி ஆண்டு விழாவிலோ, ஊர்க் கோயில் கொடையை ஒட்டி இளைஞர் மன்றம் வைக்கும் போட்டிகளிலோ பெயின்ட்பாலை (சாயம் அடைத்த சின்ன உருண்டையைத் துப்பாக்கியால் சுட்டு, பட்டவரை வெளியேற்றும் ஆட்டம்; அந்த உருண்டைக்கும் பால் என்றே பெயர்) சேர்க்கலாமா என்று பேச்சு எழுந்தால் குழு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "ஒரே ரூல்புக் கிடையாது, ஒரே சங்கம் கிடையாது, இது என்னல விளையாட்டு?" என்பது ஒரு கட்சி. "ஓடுதோம், மறையுதோம், மாட்டுதோம், தோக்குதோம், இதுக்கு மேல என்ன வேணும்?" என்பது அடுத்த கட்சி. பொருளாளர் மட்டும் வாய் திறக்காமல் கணக்கு போட்டுக்கொண்டிருப்பார். அவருக்குத்தான் இந்தக் கட்டுரை அதிகம் உதவும்.

வாதம் முடியாமல் இழுப்பதற்குக் காரணம், இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான். இது விளையாட்டா என்பது ஒன்று. இது அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டா என்பது வேறொன்று.

விதி பல இருந்தால் விளையாட்டு இல்லையா?

கபடியை எடுத்துக்கொள்வோம். அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு 1950-இல் உருவானது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமாகக் கபடி நுழைந்தது 1990-இல், பெய்ஜிங்கில். அதற்கு முன்பு சடுகுடு, ஹுடுடு என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரும், பெயருக்கு ஒரு விதியும் இருந்தன. அவுட்டானவன் திரும்ப வரலாமா கூடாதா என்பதே ஊருக்கு ஊர் மாறியது. அந்தக் காலத்தில் ஆடியதை விளையாட்டு இல்லை என்று தாமிரபரணிக் கரையில் யாரும் சொல்லமாட்டார்கள். கபடி வீரர் மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார் என்றால், அந்தப் பட்டியலுக்குப் பின்னால் பட்டியலில் ஏறாத எத்தனையோ கொடை ஆட்டங்கள் கிடக்கின்றன.

ஒரே சங்கம் வந்த பிறகும் விதி ஒன்றாகிவிடுவதில்லை. கூடைப்பந்தில் உலகக் கூட்டமைப்பின் மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டரில் இருக்கிறது, அமெரிக்க என்.பி.ஏ.வில் அதிகபட்சம் 7.24 மீட்டர். கால் பகுதி ஒரு இடத்தில் 10 நிமிடம், மற்ற இடத்தில் 12. ரக்பி 1895-இல் இரண்டாக உடைந்து இன்றுவரை இரண்டாகவே ஓடுகிறது. குத்துச்சண்டையில் நான்கு அமைப்புகள் நான்கு பட்டம் கொடுக்கின்றன. நம் தெருக் கிரிக்கெட்டில் ஒரு பிட்ச் கேட்ச் ஒற்றைக் கையில் பிடித்தால் அவுட், மதிலைத் தாண்டினாலும் அவுட். அதை யார் எழுதினார்கள்?

ஆக, விதி பலவாக இருப்பது குற்றமில்லை. ஒரே நாளில், ஒரே களத்தில், இரண்டு அணியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டிருக்கிறதா, பட்டதா படவில்லையா என்பதை மூன்றாவது ஆள் பார்த்துச் சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி. பெயின்ட்பால் இந்தச் சோதனையில் தேறவும் செய்யும், தோற்கவும் செய்யும். எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

அங்கீகாரம் என்று கேட்டால் பதில் சுருக்கம். பன்னாட்டு ஒலிம்பிக் குழு அங்கீகரித்த பட்டியலில் பெயின்ட்பால் இல்லை. இந்திய விளையாட்டு அமைச்சகம் அங்கீகரித்த தேசியக் கூட்டமைப்புகளிலும் இல்லை. சான்றிதழை வைத்து 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கேட்க நினைக்கிறவர்கள் இத்துடன் நிறுத்திவிட்டு நேராகக் கபடிப் பகுதிக்குப் போய்விடலாம்.

பெயின்ட்பாலில் விதி எங்கெல்லாம் பிரிகிறது

1981 ஜூன் 27, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹென்னிக்கர் என்ற ஊர்க் காட்டில் முதல் ஆட்டம் நடந்தது. பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரும் தனியாள். கையில் இருந்தது மரத்துக்கும் மாட்டுக்கும் குறி போடச் செய்த நெல்ஸ்பாட் 007 துப்பாக்கி. கொடிகளை எல்லாம் எடுத்து வென்றவர் காடு பராமரிக்கும் தொழிலில் இருந்த ஒருவர். அவர் ஒரு தடவைகூடச் சுடவில்லை என்பது இந்த விளையாட்டின் முதல் பாடம்.

அந்தக் காட்டு ஆட்டத்திலிருந்து கிளை பிரிந்து, திறந்த மைதானத்தில் காற்றடைத்த தடுப்புகளுக்கு நடுவே ஆடும் ஸ்பீட்பால் வந்தது. பிறகு லீக்குக்கு ஒரு விதி. அமெரிக்காவின் என்.பி.பி.எல். லீக் நடத்திய ஏழு பேர் ஆட்டத்தில் 100 புள்ளிக் கணக்கு: கொடி எடுத்ததற்கு இவ்வளவு, அதைக் கொண்டுபோய்க் கட்டியதற்கு இவ்வளவு, வெளியேற்றிய ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவு. பி.எஸ்.பி. என்ற இன்னொரு லீக் வளர்த்த எக்ஸ்-பால் முறையில் ஐந்து பேர், ஒரு தடவை எதிரணி எல்லையில் உள்ள பொத்தானை அழுத்தினால் ஒரு புள்ளி, முதலில் குறித்த புள்ளியைத் தொட்டவர் வெற்றி. ஐரோப்பாவில் மில்லேனியம் தொடர் தனியாக நடந்தது. இன்று அமெரிக்காவில் பெரிய தொடர் என்.எக்ஸ்.எல்.

கேட்கும்போது சின்ன வித்தியாசமாகத் தோன்றும். களத்தில் பெரிது. வெளியிலிருந்து பயிற்சியாளர் கத்தி வழி சொல்லலாமா? எக்ஸ்-பாலில் அது ஆட்டத்தின் பகுதியாகவே வளர்ந்தது. ஏழு பேர் ஆட்டத்தில் குற்றம். மார்க்கரில் (பால் சுடும் துப்பாக்கிக்கு இதுதான் பெயர்) பட்டால் அவுட்டா? போட்டி ஸ்பீட்பாலில் அவுட்; பல பொழுதுபோக்குக் களங்களில் அவுட் இல்லை. மதுரையிலிருந்து வரும் அணியும் நாகர்கோவிலிலிருந்து வரும் அணியும் வெவ்வேறு களத்தில் பழகியிருந்தால், முதல் சண்டை இந்த ஒரு வரியில்தான் வெடிக்கும்.

எதை வைத்து எடை போடுவது

தேர்வு செய்யும் முன் குழு இவற்றுக்குப் பதில் எழுதிக்கொள்ளவேண்டும். வரிசையும் முக்கியம், மேலே இருப்பதற்கு அதிக எடை.

1. கண் பாதுகாப்பு. இதில் குறை வைத்தால் மற்ற எதையும் பேசவேண்டாம்.
2. பட்டதை உறுதி செய்யும் வழி: எத்தனை நடுவர், எவ்வளவு திறந்த பார்வை.
3. அணி அந்த விதியோடு வெளியூர் போய் ஆட முடியுமா.
4. சான்றிதழுக்கு மதிப்பு உண்டா.
5. பால், காற்று, வலை என்று தெரியும் செலவும், தெரியாத செலவும்.
6. நம் வெயில், நம் காற்று, நம் முள்.

முதல் வழி: தோப்பு ஆட்டம்

மரங்களுக்கு நடுவே கொடி பிடிக்கும் ஆட்டம். வுட்ஸ்பால் என்பார்கள். தடுப்பு வாங்கவேண்டாம், தளம் போடவேண்டாம். தனியார் தென்னந்தோப்போ பழைய மாந்தோப்போ போதும். களக்காடு முண்டந்துறைப் பக்கத்து அடிவாரத்தைப் பார்த்து ஆசைப்படவேண்டாம். காப்புக்காட்டு எல்லைக்குள் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

போட்டி என்ற கணக்கில் இதன் பலவீனம் நடுவர். பத்து பேர் ஆட்டத்தில் பத்து பேரும் பத்து மரத்துக்குப் பின்னால் கிடப்பார்கள். பால் உடைந்ததா, மரத்தில் பட்டுத் தெறித்த சாயமா என்று பார்க்க நடுவர் ஓடிப் போவதற்குள், பட்டவர் கையால் துடைத்திருப்பார். உள்ளே இருக்கும் சாயம் பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்தது, தண்ணீரில் கரையும். வேர்வையில் இன்னும் சீக்கிரம் கரையும். சித்திரை வெயிலில் இரண்டு தேய்ப்பில் தடயம் போய்விடும். ஆகவே இந்த ஆட்டம் ஆடுகிறவரின் நேர்மையை நம்பியே நடக்கிறது. நண்பர்களுக்குள் அது சரி. கோப்பை வைத்தால் சரிவராது.

மறைந்திருக்கும் செலவு முள். உடைமரமும் சீமைக்கருவேலமும் ஒதுங்கி நிற்கும் தோப்பு என்றால் முழங்காலுக்கும் உள்ளங்கைக்கும் காப்பு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது. முள் மாஸ்க் கண்ணாடியைக் கீறினால் அந்தக் கண்ணாடி அத்துடன் முடிந்தது. பாம்பு பார்க்க ஆள் வைத்துக் காலையில் ஒரு சுற்று வரவேண்டும். உடையாத பாலைப் பொறுக்க மறந்தால் தோட்டத்து நாய் தின்னும். நாய்க்கு அது நிஜமாகவே ஆபத்து, உடம்பில் உப்பின் அளவு ஏறிவிடும்.

குடும்ப விழா, அலுவலகச் சுற்றுலா, பள்ளி முன்னாள் மாணவர் கூட்டம் என்றால் இதுவே நல்ல வழி. அதிலும் 0.50 அங்குல அளவுப் பாலும் அதற்கான மார்க்கரும் கிடைத்தால் விடவேண்டாம். வழக்கமான 0.68 அங்குலப் பால் ஏறக்குறைய 3 கிராம். நொடிக்கு 280 அடி வேகத்தில் கிட்டத்தட்ட 11 ஜூல் ஆற்றலோடு வந்து அடிக்கும். சின்னப் பால் அதே வேகத்தில் 4 ஜூலை ஒட்டித்தான் வரும். முதல் தடவை ஆடுகிறவர் மறுபடியும் வருவாரா என்பதை இந்த வித்தியாசம் முடிவு செய்கிறது.

இரண்டாம் வழி: ஸ்பீட்பால், லீக் விதிப்படி

இதுதான் "இது விளையாட்டுதான்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லக்கூடிய வடிவம். களம் 150 அடி நீளம், 120 அடி அகலம். இரு பாதியும் கண்ணாடிப் பிம்பம் போல ஒரே அமைப்பு. பக்கத்துக்கு ஐந்து பேர். துடைத்தவருக்கும், பட்டும் ஆடியவருக்கும் தண்டனைப் பெட்டி. எல்லோரும் எல்லோர் கண்ணிலும் படுகிறார்கள்; வலைக்கு வெளியே நிற்கும் கூட்டத்துக்கும் ஆட்டம் புரிகிறது. கபடியில் பாடிப் போகிறவனைப் பார்ப்பது போல, முதல் பத்து நொடி ஓட்டத்திலேயே யார் துணிச்சல்காரர் என்று தெரிந்துவிடும்.

இனி பொருளாளர் பகுதி. 150 பெருக்கல் 120 என்றால் 18,000 சதுர அடி. ஏறக்குறைய 41 சென்ட். சுற்றிலும் பத்தடி விட்டு வலை கட்டினால் வலையின் சுற்றளவு 620 அடி. உயரம் 12 அடிக்குக் குறையக் கூடாது. 7,440 சதுர அடி வலை. மீன்வலையோ, காய்கறிப் பந்தலுக்குப் போடும் நிழல்வலையோ இதற்கு உதவாது; 0.68 அளவுப் பாலைக் கிட்டத்திலிருந்து சுட்டாலும் தாங்கும் என்று செய்தவர் எழுதிக் கொடுத்த வலை வேண்டும். அதையும் வெயில் தின்னும். பருவத்துக்கு ஒருமுறை கையால் இழுத்துப் பார்த்து, நைந்த பகுதியை மாற்றவேண்டும்.

பால் கணக்கு இன்னும் கூடுதல். மார்க்கர் மேல் நிற்கும் ஹாப்பர் என்ற டப்பாவில் 200, இடுப்பில் பால் அடைத்த மூன்று குழாய் (பாட்), ஒவ்வொன்றிலும் 140. ஒருவர் 620 பால் சுமக்கிறார். பத்து பேர் 6,200. ஒரு பெட்டியில் 2,000 என்பது வழக்கம். அத்தனையும் ஒரு புள்ளிக்குள் தீராது. ஆனால் மின்னணு மார்க்கர் நொடிக்குப் பத்து பால் விடும்போது பாதி தீர்வது ஒன்றும் பெரிதல்ல. நான்கு புள்ளி ஆட்டம், எட்டு அணி என்று பெருக்கிப் பாருங்கள்.

நடுவர் ஆறேழு பேர் வேண்டும், அவர்களும் பழகியவர்களாக. மின்னணு மார்க்கரின் உள்ளே பல சுடும் முறைகள் இருக்கும். ஒரு பொத்தானைக் குறித்தபடி அழுத்தினால் மாறிவிடும். களத்தில் காதால் கேட்டு "இவன் வேகம் கூட்டியிருக்கான்" என்று பிடிக்கக்கூடிய நடுவரை ஒரே நாள் வகுப்பில் உருவாக்க முடியாது. விதிப்புத்தகம் இருந்தும் நடுவர் இல்லாவிட்டால், புத்தகம் இல்லாததை விட மோசம். தண்டனை கொடுத்தது சரியா இல்லையா என்பதே சண்டையாகும்.

வெளியூர், வெளிமாநிலப் போட்டிக்கு அணி அனுப்பப் போகிறவர்களுக்கு வேறு வழி கிடையாது. அப்படியானால் விதியில் கை வைக்காமல் முழுதாக எடுத்துக்கொள்ளவேண்டும். பாதி எடுத்துப் பாதி விட்டால் பழக்கம் தப்பாகும், அங்கே போய் முதல் ஆட்டத்திலேயே இரண்டு பேர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாம் வழி: பாலை எண்ணிக் கொடுக்கும் உள்ளூர் விதி

ஸ்பீட்பாலின் எலும்பை எடுத்துக்கொண்டு சதையைக் குறைப்பது. ஐந்துக்கு ஐந்து, திறந்த களம், ஒரே அமைப்பில் இரு பாதி, பொத்தானோ கொடியோ தொட்டால் புள்ளி. மாற்றம் மூன்றுதான். மின்னணு மார்க்கர் கிடையாது. டிப்மன் 98 போன்ற, வாடகைக் களங்களில் புழங்கும் இயந்திர வகை மட்டும். ஆளுக்கு 100 பால், எண்ணிக் கொடுத்தது, தீர்ந்தால் தீர்ந்தது. களம் 120-க்கு 80 அடி. 22 சென்ட் நிலத்தில் அடங்கும்.

100 பால் என்ற ஒரே கட்டுப்பாடு நிறையக் கோணல்களை நிமிர்த்துகிறது. பணக்கார அணி அதிகப் பால் கொட்டி வெல்வது நின்றுவிடுகிறது. சுடுவது குறைந்து ஓட்டம் கூடுகிறது. தெறிப்புச் சாயம் குறைவதால், பட்டதா என்ற சந்தேகமும் குறைகிறது. செலவும் முன்கூட்டியே தெரிகிறது: ஒரு ஆட்டத்துக்கு 1,000 பால். எட்டு அணி நாக்அவுட், மூன்றில் இரண்டு வென்றவர் அடுத்த சுற்று என்றால் மொத்தம் ஏழு மோதல், குறைந்தது 14 ஆட்டம், அதிகம் போனால் 21. ஆக 7 பெட்டியிலிருந்து பத்தரைப் பெட்டி. எந்தப் பொருளாளரும் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வார்.

இதன் குறை: விதி ஊரோடு நின்றுவிடும். இங்கே வென்ற கோப்பையைக் காட்டி வெளியே ஒரு வரிசையிலும் இடம் கேட்க முடியாது. இன்னொன்று, விதியை எழுதியவரே ஒரு அணிக்கு வேண்டியவராக இருந்தால் மொத்தமும் கெட்டது. கொடைக் கபடியில் மைக்கில் சொன்னதே விதி. "60 கிலோ" என்று அறிவித்துவிட்டு 64 கிலோ ஆளை இறக்கும் கமிட்டிகளை ஊர் மறப்பதில்லை. ஆகவே எழுதுவதை ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே எழுதி, எல்லா அணித் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடவேண்டும். அந்தத் தாளில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

நான்காம் வழி: அதே பணத்தில் கபடி

இதை ஒப்பீட்டில் சேர்ப்பது சிலருக்குக் கோபம் வரவழைக்கலாம். ஆனால் ஒரே விதி என்பது என்ன கொடுக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல அளவுகோல் இந்தச் சீமையில் இல்லை. ஆண்களுக்குக் களம் 13-க்கு 10 மீட்டர், எடை 85 கிலோ வரை. பெண்களுக்கு 12-க்கு 8 மீட்டர், 75 கிலோ வரை. ஏழு பேர் உள்ளே, ஐந்து பேர் வெளியே. ஆண்களுக்கு இருபது இருபது நிமிடம். ஒரு பாட்டு 30 நொடி. இதைச் செங்கோட்டையில் சொன்னாலும் திசையன்விளையில் சொன்னாலும் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். நடுவருக்கு ஊருக்கு நாலு பேர் கிடைப்பார்கள். சான்றிதழ் செல்லும். பார்க்க வரும் கூட்டத்துக்கு விளக்கம் சொல்லவேண்டாம்.

மறைந்த செலவு காயம்: முழங்கால் திருகலும் தோள்பட்டை விலகலும். மண் தளத்தில் இன்னும் அதிகம். மேட் வாடகையைச் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | தோப்பு ஆட்டம் | லீக் ஸ்பீட்பால் | 100 பால் உள்ளூர் விதி | கபடி |
|---|---|---|---|---|
| பட்டதை உறுதி செய்தல் | ஆடுபவர் நேர்மை | நன்று, பழகிய நடுவர் இருந்தால் | நன்று | மிக நன்று |
| நடுவர் | 3–4, போதாது | 6–7, பழகியவர் | 5, ஒரு நாள் பயிற்சி | 2 நடுவர், 1 ரெஃப்ரி, எண்ணிக்கையாளர்கள் |
| நிலம் | தோப்பு | 41 சென்ட்டும் ஓரமும் | 22 சென்ட்டும் ஓரமும் | மேட் போடும் இடம் |
| பால், ஓர் ஆட்டத்துக்கு | வரம்பில்லை | வரம்பில்லை | 1,000 | – |
| விதி ஊர் தாண்டுமா | இல்லை | ஆம் | இல்லை | ஆம் |
| சான்றிதழ் | இல்லை | இல்லை | இல்லை | உண்டு, சங்கம் வழி நடந்தால் |
| யாருக்கு | குடும்பம், அலுவலகம் | வெளியூர் போகும் அணி | கல்லூரி, மன்றம் | வேலை, ஒதுக்கீடு நோக்கம் |

நெல்லை வெயில் கேட்கும் கூடுதல் விலை

பெயின்ட்பால் வழி மூன்றுக்கும் பொதுவான சில தொல்லைகள் உண்டு. கருவி விற்பவர் இவற்றைச் சொல்லமாட்டார். குளிர்நாட்டில் எழுதிய கையேட்டிலும் இருக்காது.

வாயு. மலிவு என்று கரியமில வாயுக் குப்பி எடுத்தால் காலையில் வேகம் அளந்து 280 அடியில் வைத்த மார்க்கர் நண்பகலில் 300-ஐத் தாண்டும். அந்த வாயு 31 டிகிரிக்கு மேல் திரவமாக நிற்காது. வெப்பம் ஏற ஏற அழுத்தம் எகிறும். பாளையங்கோட்டையில் 31 டிகிரி என்பது காலைக் காபி நேரத்து வெப்பம். ஆகவே அழுத்தக் காற்று சிலிண்டர்தான் வழி: 200 பார் அல்லது 300 பார், தேதி முத்திரையோடு, நீர் அழுத்தச் சோதனைக் காலம் கடக்காததாக. நிரப்பும் கம்ப்ரசர் பஞ்சர் கடையில் இருப்பது இல்லை, உயர் அழுத்த வகை. அதன் வாடகை பலருடைய பட்ஜெட்டில் விட்டுப்போகும் முதல் வரி. எந்த வாயுவாக இருந்தாலும் வேகமானியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பு சுட்டுப் பார்க்கவேண்டும். காலையில் ஒரு தடவை பார்த்தது கணக்கில்லை.

பால். தோல் ஜெலட்டின். கோடை வெயிலில் காரின் டிக்கியில் வைத்தால் இளகி, பட்டாலும் உடையாமல் துள்ளும். துள்ளியது அவுட் இல்லை என்பதால் சண்டை. ஐப்பசி அடைமழையில் ஈரம் குடித்து வீங்கி, மார்க்கரின் குழலான பேரலுக்குள்ளேயே உடையும். அடுத்த பத்துப் பால் வாழைத்தண்டு போல வளைந்து போகும். மூடிய பையோடு ஏசி அறையில் வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை பையைப் புரட்டவேண்டும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும். சாய நிறம் மஞ்சளோ இளஞ்சிவப்போ. செம்மண்ணில் ஆரஞ்சு தெரியாது. சிவப்பை எங்குமே தவிர்க்கவேண்டும், ரத்தம் என்று நினைத்து நடுவர் பதறிவிடுவார், அல்லது நிஜ ரத்தத்தைச் சாயம் என்று நினைத்துவிடுவார்.

காற்று. ஆனி ஆடியில் மேற்கே கணவாய் வழியாக இறங்கும் காற்று, கயத்தாற்றிலும் ராதாபுரத்திலும் காற்றாலையைச் சுற்றும் அதே காற்று, 3 கிராம் பாலை என்ன செய்யும் என்று சொல்லவேண்டியதில்லை. காற்றடைத்த தடுப்புகள் உருளும், 12 அடி வலை பாய்மரமாகும். களத்தை வடக்கு-தெற்காகப் போட்டால் காற்று இரு அணிக்கும் குறுக்கே சமமாக வீசும். காலை மாலை வெயிலும் யார் கண்ணிலும் நேராக அடிக்காது. கிழக்கு-மேற்காகப் போட்ட களத்தில் டாஸ் வென்றவர் பாதி ஆட்டம் வென்ற மாதிரி. தை, மாசி மாதங்களே போட்டிக்குத் தோதான காலம்: மழை நின்றிருக்கும், காற்று எழும்பியிருக்காது.

முள்ளும் மணலும். ஒரு உடைமுள் போதும், காற்றடைத்த தடுப்பு படுத்துவிடும். களத்தை முந்தைய நாள் கூட்டிப் பெருக்கி, தடுப்புக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பது அவசியம். தடுப்பே வாங்காமல் காலி பிளாஸ்டிக் டிரம்மைப் பாதி மணல் நிரப்பி நிறுத்தினாலும் உள்ளூர் விதிக்குப் போதும்; மேல் விளிம்பில் பழைய டியூப் சுற்றிக் கட்டுங்கள், முகம் இடிக்கும். தேரிப் பக்கத்து நைசான செம்மணலில் ஆடினால் ஒவ்வொரு இரண்டு ஆட்டத்துக்கும் மார்க்கரைக் கழற்றித் துடைக்க ஒரு ஆள் தனியாக வேண்டும்.

மாஸ்க். பைக் ஹெல்மெட், வெல்டிங் கண்ணாடி, ஆய்வகக் கண்ணாடி எதுவும் ஆகாது. பெயின்ட்பாலுக்கென்றே உள்ள ஏ.எஸ்.டி.எம். எஃப் 1776 தரம் குறித்த, முகம் காது மூடும் மாஸ்க் மட்டும். நம் புழுக்கத்தில் ஒற்றைக் கண்ணாடி மாஸ்க் ஐந்து நிமிடத்தில் மூடுபனியாகும். துடைக்க ஆசைப்பட்டு ஆள் களத்துக்குள்ளேயே மாஸ்க்கைத் தூக்குவார். இந்த ஆட்டத்தில் கண் போவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். ஆகவே இரட்டைக் கண்ணாடி வகையாகப் பார்த்து வாடகைக்கு எடுங்கள், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், கண்ணாடி பலம் இழக்கும். களத்துக்கு வெளியே வந்ததும் பேரல் வாயில் துணிக் காப்பு. நடுவருக்கும் மாஸ்க் உண்டு; படம் பிடிக்க உள்ளே வரும் போட்டோகிராபர் அண்ணாச்சிக்கும் உண்டு.

அனுமதி. மார்க்கர் பொம்மையல்ல. சொந்தமாக வாங்குவது, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது எல்லாம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் 2016-ஆம் ஆண்டு விதிகளையும் தெரிந்தவரிடம் கேட்ட பிறகே. வாடகைக்குக் கொண்டுவருபவரிடம் அவருடைய காகிதங்களின் நகல் வாங்குங்கள். மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும், வெளியே என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் தேதி, இடம், கருவிகளின் எண்ணிக்கை குறித்து முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள். பஸ்ஸில் மார்க்கரைக் கையில் தூக்கிக்கொண்டு வரும் மாணவனால் மொத்தப் போட்டியும் நின்றுபோகும். பூட்டிய பெட்டியில் வரட்டும்.

எதைப் பிடிப்பது

முதல் தடவை நடத்தும் கல்லூரிக்கும் மன்றத்துக்கும் மூன்றாம் வழி. தயங்கவே வேண்டாம். இரண்டாம் வழிக்குப் போகிறவர்கள் ஓர் ஆண்டு மூன்றாவதை நடத்தி, அதில் நடுவர்களைப் பழக்கிக்கொண்டு போகட்டும். தோப்பு ஆட்டத்துக்குக் கோப்பை வைக்காதீர்கள், பரோட்டா வையுங்கள். வீட்டில் "இதுக்கு சர்டிபிகேட் செல்லுமா?" என்று கேட்கும் பிள்ளைகள் அதிகம் இருக்கும் கல்லூரியில், பெயின்ட்பாலுக்கு ஒதுக்கிய தொகையைக் கபடி மேட்டுக்குத் திருப்புவதே நியாயம்.

விதித்தாளில் இருக்கவேண்டியவை

ஒரு பக்கத்துக்கு மேல் போகாதபடி, தமிழில்:

- அணிக்கு எத்தனை பேர், மாற்று ஆள் எத்தனை, எப்போது மாற்றலாம்.
- மார்க்கர் வகை; வேக உச்சம் நொடிக்கு 280 அடி; கூடினால் அந்த ஆட்டத்தில் அவர் இல்லை.
- ஆளுக்கு 100 பால். கூட்டாளிக்குக் கடன் கொடுக்கலாமா கூடாதா.
- அவுட் என்றால் என்ன: பால் உடம்பில் நேராகப் பட்டு உடைந்து, ஐந்து ரூபாய் நாணய அளவுக்குக் குறையாத சாயம் இருந்தால். தெறிப்பு, துள்ளல் கணக்கில்லை.
- மார்க்கர், ஹாப்பர், மாஸ்க், பாட் பை ஆகியவற்றில் பட்டாலும் அவுட். இந்த வரியை எழுதாமல் விட்டால் போட்டி மதியத்துக்கு முன்பே நிற்கும்.
- துடைத்தாலோ, பட்டது தெரிந்தும் சுட்டாலோ அவரும், அருகில் இருக்கும் கூட்டாளி ஒருவரும் வெளியே.
- களத்தில் மாஸ்க்கைத் தூக்கினால் நாள் முழுக்கத் தடை, எச்சரிக்கை கிடையாது.
- ஓர் ஆட்டம் ஐந்து நிமிடம். யாரும் பொத்தானை அழுத்தாவிட்டால் உள்ளே அதிகம் பேர் நிற்கும் அணிக்குப் புள்ளி. அதிலும் சமம் என்றால் ஒருவருக்கு ஒருவர், 20 பால்.
- வெளியிலிருந்து கத்தி வழி சொல்லலாமா. முதல் ஆண்டு கூடாது என்று வைப்பது நல்லது. நடுவர் விசில் காதில் விழவேண்டும்.
- முறையீடு: அணித் தலைவர் மட்டும், ஆட்டம் முடிந்த ஐந்து நிமிடத்துக்குள், தலைமை நடுவரிடம், எழுத்தில்.

தாளை மூன்று படி எடுங்கள். ஒன்று தலைமை நடுவரின் சட்டைப் பையில், ஒன்று எண்ணிக்கை மேசையில், ஒன்று வலைக் கம்பத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு. மூன்றிலும் எல்லா அணித் தலைவர்களின் கையெழுத்தும் இருக்கட்டும், மைக்கைப் பிடித்திருப்பவர் அதில் இல்லாத எதையும் அறிவிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் பக்கத்திலேயே உட்காரவையுங்கள்.